கத்திரிக்காய் வண்டியின் இடது மட்கார்டு

முதலில் ஒரு விடுகதை போடுகிறேன் சார். விடை சொல்லிவிட்டு அப்புறம் வண்டியைத் தொடுங்கள்.

கை முன்னால் சொல்லும். கால் பின்னால் கேட்கும். கால் கேட்டுவிட்டால், கை வேண்டாம் என்றாலும் நிற்காது. அது என்ன?

தெரியவில்லையா? பரவாயில்லை. இந்த வண்டியை விலைக்குக் கேட்டு பம்பாயிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்த எல்லோரிடமும் கேட்டிருக்கிறேன். ஒருவர் கல்யாணம் என்றார். இன்னொருவர் தையல் மிஷின் என்றார். தையல் மிஷின் கொஞ்சம் பக்கத்தில் வருகிறது. விடை உங்கள் முன்னால்தான் இருக்கிறது. டிரைவர் கதவைத் திறங்கள். மெதுவாக. ஸ்டியரிங்குக்குக் கீழே சுண்டுவிரல் நீளத்தில் ஒரு நெம்புகோல் தெரிகிறதா? அதுதான் கியர்.

மற்ற வண்டிகளில் கிளட்சை மிதித்துக்கொண்டே கியரை மாற்றுவோம். இதில் அப்படி இல்லை. அடுத்து எந்தக் கியர் வேண்டுமோ அதை முதலிலேயே இந்த நெம்புகோலில் வைத்துவிட வேண்டும். வைத்தால் ஒன்றும் ஆகாது. வண்டி பழைய கியரிலேயே போய்க்கொண்டிருக்கும். ஒரு பர்லாங் போகலாம், ஒரு மைல் போகலாம். இடது காலால் அந்த மிதியை ஒரு தரம் மிதித்து விட்டால், அந்த நிமிஷம் நீங்கள் முன்னால் வைத்தது விழும். அவ்வளவுதான். இதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று மாதம் ஆனது. என் கால் யுத்தத்தில் லாரி ஓட்டிப் பழகிய கால்.

வண்டியின் வரலாறு வேண்டும் என்றீர்கள். கண்காட்சியில் பக்கத்தில் அட்டை எழுதி வைப்பார்கள் என்றீர்கள். சரி, எழுதிக்கொள்ளுங்கள். எது வேண்டும், எது வேண்டாம் என்று நானே இடையில் சொல்லிவிடுகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதில் கப்பலில் கொச்சிக்கு வந்தது. யுத்தம் முடிந்து ஐந்து வருஷம். இங்கிலாந்தில் அவர்களுக்கே பெட்ரோல் ரேஷன். செய்த நல்ல வண்டியையெல்லாம் வெளிநாட்டுக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். எங்கள் மில் முதலாளி வெங்கிடுபதி ஒன்று வரவழைத்தார். நான்தான் கொச்சிக்குப் போய், பாலக்காடு வழியாகக் கோயமுத்தூருக்கு ஓட்டிவந்தேன். மேல் தகடு அலுமினியம். உள்ளே சட்டம் மரம். ஆமாம், மரம். முன் பலகை வாதுமை மரம். டிரைவருக்கும் பின் சீட்டுக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு உண்டு. முதலாளி பேச மாட்டார். மோதிர விரலால் கண்ணாடியைத் தட்டுவார். ஒரு தட்டு என்றால் போ. இரண்டு தட்டு என்றால் நில். பதினோரு வருஷம் அவருக்கு ஓட்டினேன். அவர் என்னிடம் பேசிய வார்த்தையை ஒரு போஸ்ட் கார்டில் எழுதிவிடலாம்.

நிறத்தைப் பாருங்கள். கறுப்பும் இல்லை, சிவப்பும் இல்லை. அதனால் ஊரே இதைக் கத்திரிக்காய் என்றது. நான் போகிற வழியெல்லாம், "ஏனுங் ரங்கப்பா, கத்திரிக்காய் எங்க போகுது?" என்று கேட்பார்கள். எனக்கு அது பிடிக்காது. ஆனால் நான் சாதுவான ஆள். யாரிடமும் கை நீட்ட மாட்டேன். ஒரே ஒரு தடவை, ஒண்டிப்புதூரில், ஒரு மாட்டுவண்டிக்காரன் சாட்டைக் கம்பால் பின் கதவில் ஒரு கோடு போட்டுவிட்டான். வேண்டுமென்று இல்லை. திரும்பும்போது பட்டது. நான் இறங்கி ஸ்டார்ட்டிங் ஹேண்டிலால் வாயில் ஒன்று வைத்தேன். ஒன்றுதான். முன் பல் மூன்று போய்விட்டது. அந்தக் கோடு இன்னும் இருக்கிறது, குனிந்து பார்த்தால் தெரியும். கோட்டை எழுதிக்கொள்ளுங்கள். பல்லை எழுத வேண்டாம்.

நீங்கள் வந்ததிலிருந்து இடது மட்கார்டையே பார்க்கிறீர்கள். நிறம் ஒரு சாயல் வேறாக இருக்கிறது. சரியான கண்தான் உங்களுக்கு. அதைச் சொல்ல வேண்டுமென்றால் பூவாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பூவாத்தாள் என் மச்சான் செங்கோடனின் மகள். செங்கோடன் என் மனைவி நாச்சாத்தாளுக்கு அண்ணன். மில்லில் நூற்புக் காதாவில், அதாவது நூல் நூற்கிற பிரிவில், வேலை. அவன் பெண்டாட்டி காய்ச்சலில் போய்விட்டாள். எங்களுக்குக் குழந்தை இல்லை. பூவா பாதி நாள் அவள் அப்பனுடன் மில் லைன் வீட்டில் இருப்பாள், பாதி நாள் எங்கள் வீட்டில் இருப்பாள். மட்கார்டு நசுங்கிய வருஷம் அவளுக்கு எட்டு வயது. அந்தப் பிள்ளை கடைசியில் யாரிடம் வளர்வது என்பதுதான் விஷயம். மட்கார்டு நடுவில் வந்தது.

ஐம்பத்து மூன்றில் மழை இல்லை, கரண்ட் இல்லை. மில்லில் ஒரு ஷிப்டை எடுத்துவிட்டு இருநூறு பேரை நிறுத்தினார்கள். ஸ்டிரைக் வந்தது. கேட்டுக்கு முன்னால் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். செங்கோடன் அவர்களோடு. நான் வண்டியோடு. அதில் என்ன தப்பு? அவனவன் வேலை அவனவனுக்கு.

பன்னிரண்டாம் நாள் அவன் மத்தியானம் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். பூவாவும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏனுங் மாப்ளே, கத்திரிக்காய்க்கு இன்னைக்கு எண்ணெய் தேச்சு வார்த்துட்டீங்களா?" என்றான்.

"தின்ன வந்தா தின்னுட்டுப் போ மச்சான்."

"கோவிச்சுக்காதீங்க. நாங்க பன்னண்டு நாளாக் கம்பங்கூழு குடிக்கறோம். அது இன்னும் பெட்ரோல்தான் குடிக்குதான்னு கேட்டேன்."

"அண்ணா, பேசாம சாப்புடு," என்றாள் நாச்சாத்தாள்.

"இல்ல அம்மிணி, தெரிஞ்சுக்கோணுமில்ல. மாப்ளைக்குப் பொண்டாட்டி நீயா, அதுவான்னு."

ஒரே ஒரு அறை. அவ்வளவுதான். வட்டில் கவிழ்ந்து சோறு தரையெல்லாம் சிந்தியது. அவன் உதட்டில் ரத்தம். அவன் திருப்பி அடிக்கவில்லை, சிரித்தான். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. இன்னொன்று கொடுத்தேன். நாச்சாத்தாள் குறுக்கே வந்தாள், அவளுக்கும் பட்டது. பூவா குனிந்தாள். கீழே சிந்திய சோற்றைப் பொறுக்கித் தன் அப்பன் வட்டிலில் திரும்பப் போட்டாள். அப்படி ஒரு அடக்கமான பிள்ளை.

பதினேழாம் நாள் காலை ஒன்பது மணிக்கு, புது ஆட்களை இரண்டு லாரியில் ஏற்றி மில்லுக்குள் கொண்டுபோக முதலாளி முடிவு செய்தார். முன்னால் எங்கள் வண்டி. பின்னால் லாரிகள். முதலாளி ஏறும்போது, "கேட்டுல நின்னுட வேண்டாம்" என்றார். அந்த வருஷத்தில் அவர் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

கேட்டுக்குப் போனால் ஏழு பேர் குறுக்கே படுத்திருந்தார்கள். இடது ஓரத்தில், என் சக்கரத்துக்கு நேராக, செங்கோடன். அந்த இடத்தை அவனே கேட்டு வாங்கினான் என்று பின்னால் கோர்ட்டில் ஒருவன் சொன்னான். "எம் மாப்ளே ஓட்டற வண்டி, எம்மேல ஏத்த மாட்டான், நான் முன்னால படுக்கறேன்" என்றானாம். என்மேல் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை. அடித்ததை எல்லாம் மனதில் வைத்துக்கொள்ளவில்லை பாருங்கள்.

நான் வண்டியை நிறுத்தினேன். ஐந்தடி இருக்கும். நியூட்ரல். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. இனி நான் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள், ஏனென்றால் கோர்ட்டில் ஒருவருக்கும் இது புரியவில்லை. நெம்புகோலை எடுத்து ஒன்றாம் கியரில் வைத்தேன். வைத்தால் ஒன்றும் ஆகாது என்று சொன்னேன் அல்லவா? வண்டி நியூட்ரலில்தான் இருக்கிறது. அப்புறம் ஆக்ஸிலேட்டரை ஓங்கி மிதித்தேன். சத்தத்துக்குப் பயந்து எழுந்திருப்பார்கள் என்று. இரண்டு பேர் எழுந்து ஓடினார்கள். செங்கோடன் எழுந்திருக்கவில்லை. தலையைத் தூக்கி என்னைப் பார்த்து, "எண்ணெய் தேச்சாச்சா மாப்ளே?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். லாரியில் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

நான் இன்னும் மிதித்தேன். அப்போது யாரோ நூல் சுற்றுகிற மரப் பாபின் ஒன்றை வீசினான். ஜன்னல் வழியாக வந்து என் புருவத்தில் பட்டது. கண்ணில் ரத்தம். லாரிக்காரன் கால் என்ன செய்யும்? அதிர்ந்தால் கிளட்சை மிதிக்கும். என் இடது கால் போய் மிதித்தது. மிதித்து விட்டது. அங்கே இருந்தது கிளட்ச் இல்லை. ஒன்றாம் கியர் விழுந்தது. எஞ்சின் முழு வேகத்தில் இருந்தது.

நான் இல்லை சார், கியர். இதைத்தான் இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அவன் அந்த நேரம் பார்த்து எழுந்துகொண்டிருந்தான். படுத்தே இருந்திருந்தால் பம்பர் தலைக்கு மேலே போயிருக்கும், கால் மட்டும் போயிருக்கும். எழுந்ததால் மட்கார்டின் கீழ் விளிம்பு கழுத்துக்கும் தாடைக்கும் நடுவில் இறங்கியது. வண்டி அவனைத் தள்ளிக்கொண்டு போய்க் கேட்டுத் தூணில் வைத்தது. மட்கார்டு இத்தனை உள்ளே போய்விட்டது, ஒரு சாண். இடது விளக்கு சுக்கல். அதே மாதிரி கண்ணாடி இந்தியாவில் எங்கும் கிடைக்கவில்லை. இப்போது இருப்பது கல்கத்தாவில் வாங்கியது. எழுதிக்கொள்ளுங்கள்.

பிற்பாடு முதலாளிமேல் பழி போடப் பார்த்தார்கள். அவர்தான் ஏற்றச் சொன்னார் என்று. நான் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தேன். முதலாளி கண்ணாடியைத் தட்டவே இல்லை. ஒரு தட்டும் இல்லை. அவருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அந்த விசுவாசம் இன்றைக்கு எந்த டிரைவரிடம் இருக்கிறது?

என்னைக் கதவைத் திறந்து இழுத்துப் போட்டார்கள். காரை எலும்பை உடைத்தார்கள். இரண்டு விரலைப் பின்னால் மடித்து ஒடித்தார்கள், இதோ பாருங்கள், இன்னும் நிமிராது. நான் ஹேண்டிலைக் கையில் எடுத்துவிட்டேன், அதனால் உயிர் தப்பினேன். ஒருவனுக்குத் தாடை, ஒருவனுக்கு முழங்கை. அப்புறம் போலீஸ் வந்து எல்லோரையும் அடித்தார்கள். படுத்தவனை அடித்தார்கள், ஓடியவனை அடித்தார்கள், என்னையும் ஆள் தெரியாமல் இரண்டு அடித்தார்கள். அந்தப் பந்தலைப் பிய்த்து, அந்தக் கம்பாலேயே அடித்தார்கள்.

பூவா அப்பனுக்குத் தூக்குப்போசியில் கூழ் கொண்டுவந்திருந்தாள். கேட்டுக்கு எதிரே சைக்கிள் கடை ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். கூழ் ஒரு சொட்டுச் சிந்தவில்லை என்று சைக்கிள் கடைக்காரன் சொன்னான்.

மறுநாள் கையில் கட்டோடு நான்தான் வண்டியைக் கழுவினேன். வேறு யாரிடமும் கொடுக்க மனமில்லை. மட்கார்டைத் தட்டி நிமிர்த்த ஒரு கொல்லர் பதினைந்து நாள் எடுத்துக்கொண்டார். அலுமினியத்தை இரும்பு மாதிரி அடித்தால் கிழிந்துவிடும். பெயிண்ட்தான் சேரவில்லை. மூன்று தரம் கலந்து பார்த்தோம். இந்த நிறம் அப்படி வந்ததுதான்.

இப்போது பூவா.

என்மேல் கேஸ் போட்டார்கள். மில் வக்கீல் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "ரங்கப்பா, செத்தவன் பொண்ணு உன் ஊட்டுலயே வளருதுன்னா அதுக்கு மேல என்ன வேணும்? குடும்பமே இதை விபத்துன்னு ஏத்துக்கிட்ட மாதிரி. பொண்ணை விட்றாத." அவர் சொல்லாவிட்டாலும் நான் விட்டிருக்க மாட்டேன். எனக்கு அந்தப் பிள்ளைமேல் உயிர்.

நாச்சாத்தாள் எட்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒன்பதாம் நாள் வந்து, "எனக்கு உங்க கேசும் வேண்டாம், வக்கீலும் வேண்டாம். எங்கண்ணன் புள்ளை வேணும். அதுக்காகத்தான் இந்த ஊட்டுல இருக்கறேன்" என்றாள். பார்த்தீர்களா, அவளும் என் பக்கம்தான்.

எதிர்ப்பக்கம் கருப்பண்ணன். செங்கோடனின் பங்காளி வழித் தம்பி, பூவாவுக்குச் சித்தப்பன் முறை. சாவுக்கு வராதவன், கருமாதிக்கு வந்தான். சங்கத்துக்காரர்கள் அவனைச் சேர்த்துக்கொண்டு ஊர்வலம் போக இருந்தார்கள். முன்னால் செங்கோடன் போட்டோ, போட்டோவுக்குக் கீழே பிள்ளை. அதற்கு அவனுக்குப் பூவா வேண்டும். ரத்த பாசம் எதுவும் கிடையாது.

கருமாதி முடிந்த மறுநாள் மத்தியானம் நான்கு பேரோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"எங்க பங்காளி ரத்தம் கொலைகாரன் ஊட்டுல சோறு திங்காது. புள்ளையை அனுப்பு."

"அத்தை ஊட்டுல புள்ளை இருக்கறதுக்கு ஆரைக் கேக்கோணும்?" என்றாள் நாச்சாத்தாள்.

"அண்ணனைக் கொன்னவங்கூடப் படுக்கறவளுக்கு அண்ணன் புள்ளை எதுக்கு?"

அவன் உள்ளே வந்து பூவாவின் வலது கையைப் பிடித்தான். நாச்சாத்தாள் இடது கையைப் பிடித்தாள். அவன் நாச்சாத்தாளை வயிற்றில் எட்டி உதைத்தான். அவள் விழுந்தாள், ஆனால் கையை விடவில்லை. நான் பூவாவின் இடுப்பைப் பிடித்து இழுத்தேன். என் கை ஒன்றுதானே வேலை செய்யும், அதனால் முழு பலத்தோடு இழுக்க வேண்டியிருந்தது. அவனும் இழுத்தான். இரண்டு பக்கமும் விடவில்லை. யார் விட்டாலும் தோற்ற மாதிரி. அப்போது ஒரு சத்தம் கேட்டது. ஈரத் துணியை உதறுகிற மாதிரி. பிள்ளையின் தோள் இறங்கிவிட்டது.

அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் இழுத்தோம் என்று நாச்சாத்தாள் சொல்வாள். அவள் கீழே கிடந்தாள், அவளுக்கு என்ன தெரியும்? நான் உடனே விட்டுவிட்டுத்தான் உலக்கையை எடுத்தேன்.

பூவா ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். கருப்பண்ணன் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்து, "உங்கப்பனுக்கு ஈடா அந்த டிரைவர் காலை எடுக்கறேன் சாமி, நீ பார்த்துட்டே இரு" என்று சொல்லிவிட்டுப் போனானாம். குழந்தையிடம் பேசுகிற பேச்சா அது? நான் போகும்போதெல்லாம் நல்ல விஷயம்தான் சொல்வேன். மட்கார்டு எவ்வளவு நிமிர்ந்திருக்கிறது என்று சொல்வேன். கருப்பண்ணனை என்ன செய்யப் போகிறேன் என்று சொல்லித் தைரியம் கொடுப்பேன்.

பிள்ளை யாரிடம் இருப்பது என்று இரண்டு பக்கமும் கோர்ட்டில் மனுப் போட்டிருந்தோம். விசாரணை வரைக்கும் அத்தை வீட்டில் இருக்கட்டும் என்று ஜட்ஜ் சொன்னதால், நான் வண்டியில் போய் அவளை அழைத்துவந்தேன். முதலாளியிடம் கேட்டு வாங்கிக்கொண்டுதான் போனேன். மில் தொழிலாளி மகள் எத்தனை பேர் இந்த வண்டியில் உட்கார்ந்திருக்கிறார்கள்? முன் சீட்டில், எனக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

வழியில் பெட்ரோல் போட நின்றோம். அவள் நெம்புகோலையே பார்த்துக்கொண்டிருந்தாள். உங்களிடம் போட்ட விடுகதையை அவளிடம் போட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இதுதானுங்களே மாமா?" என்று விரலை நீட்டினாள். இத்தனை வருஷத்தில் சரியாகச் சொன்னது அவள் ஒருத்திதான்.

"இதை ஒண்ணுல வெச்சா வண்டி போயிருமா மாமா?"

"போகாது கண்ணு. கால் மிதிச்சாத்தான் போகும்."

"அப்பன் படுத்திருந்தப்ப இது எதுல இருந்துச்சு?"

"ஒண்ணுல."

"ஆரு வெச்சது?"

"நாந்தான். பின்னே முதலாளியா எந்திரிச்சு வந்து வெப்பாரு?"

"கால் மிதிக்கறதுக்கு முன்னாலயே வெச்சுட்டீங்களா?"

"ஆமா கண்ணு. அதுதான் இந்த வண்டியோட அழகே."

அவள் கட்டுப் போடாத கையால் நெம்புகோலைத் தள்ளி நியூட்ரலில் வைத்தாள்.

"இங்க வெச்சிருந்தா?"

"அங்க வெச்சா எத்தனை மிதிச்சாலும் சத்தம் மட்டுந்தான் வரும்."

அவள் தலையை ஆட்டினாள். எட்டு வயதில் என்ன புத்தி பாருங்கள். கோர்ட்டுக்கு ஒரு என்ஜினியரைச் சாட்சிக்கு வரவழைத்தார்கள். அரை நாள் படம் போட்டுக் காட்டினார். அவருக்கே இவ்வளவு தெளிவாக வரவில்லை.

அந்த நேரம் பெட்ரோல் பங்குக்குள் கருப்பண்ணன் வந்தான். பட்டப்பகல். கூட மூன்று பேர். நான் இறங்கிப் பெட்ரோல் மூடியை மூடிக்கொண்டிருந்தேன். முதல் அடி முழங்காலில். இரும்புப் பட்டை. சில்லு இரண்டாகப் பிளந்தது. நான் விழுந்தவன், பின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து, ஹேண்டிலை எடுத்து அவன் முகத்தில் குத்தினேன். அடிக்கவில்லை, குத்தினேன். அந்த முனை வளைந்திருக்கும் இல்லையா, கண்ணுக்குள் போய்விட்டது. அவன் கத்தியது ரயில்வே கேட் வரைக்கும் கேட்டது. அவன் ஆள் ஒருவன் வலது விளக்கை உடைத்தான். ஆக இரண்டு விளக்கும் ஒரிஜினல் இல்லை. மறைக்காமல் எழுதுங்கள், வாங்குகிறவர்கள் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பூவா வண்டிக்குள்ளேயே இருந்தாள். அழவில்லை. நான்கு கண்ணாடியையும் ஒன்று ஒன்றாக ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு கையால் ஏற்றியிருக்கிறாள். அந்தக் கைப்பிடி எவ்வளவு கெட்டி தெரியுமா? சுற்றிப் பாருங்கள்.

வண்டியின் மிச்ச வரலாற்றைச் சொல்லிவிடுகிறேன். கேட்டில் நடந்தது விபத்து என்று தீர்ப்பானது. முதலாளி அறுபத்தொன்றில் காலமானார். அவர் மகனுக்குப் புது வண்டி பிடித்தது. இதைக் கல்யாணங்களுக்குக் கொடுத்தார்கள், அப்புறம் கொடுக்கவில்லை. ஷெட்டில் இருபத்திரண்டு வருஷம். எலி சீட்டைக் கடித்தது. மரச் சட்டத்தில் ஒரு பக்கம் கரையான். நான் மட்டும் வாரம் ஒரு தரம் வந்து, காலை இழுத்துக்கொண்டு வந்து, ஸ்டார்ட் செய்து வைத்தேன். நாச்சாத்தாள் இந்த வண்டியில் ஒரு நாளும் ஏறவில்லை. என் கையால் ஒரு டம்ளர் தண்ணீரும் வாங்கியதில்லை. அவளுக்கு வயிற்றில் உதை வாங்கியதிலிருந்து உடம்பு சரியில்லை, அதுதான் காரணம். பெண்டாட்டிமேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

கோர்ட்டில் பிள்ளை என்ன ஆனாள் என்று கேட்கிறீர்கள். அதைச் சொல்லத்தானே வந்தேன்.

ஜட்ஜ் எங்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஒரு பக்கம் நான், காலில் மாவுக்கட்டு, பக்கத்தில் நாச்சாத்தாள். இன்னொரு பக்கம் கருப்பண்ணன், கண்ணில் கட்டு. நடுவில் ஒரு ஸ்டூலில் பூவா, தோளில் கட்டு. நான் காலையில் அவளுக்குப் புதுப் பாவாடை கொடுத்து, ஒரு வார்த்தைதான் சொல்லி அனுப்பினேன். "உனக்கு அத்தையும் மாமாவும்தான் கண்ணு. மாத்திச் சொன்னீனா மாமாவுக்குக் கோவம் வரும்." வெளியே வராந்தாவில் கருப்பண்ணன் அவள் காதைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னதை நான் பார்த்தேன். காது சிவந்திருந்தது.

வயதான ஜட்ஜ். பூவாவிடம் பெயர் கேட்டார், பள்ளிக்கூடம் போகிறாயா என்று கேட்டார். பிறகு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அத்தை வீட்டுக்குப் போறியாம்மா, சித்தப்பா வீட்டுக்குப் போறியா?" என்றார். அவள் தன் தோள் கட்டைத் தொட்டுப் பார்த்தாள். ஜட்ஜ் காகிதத்தைப் புரட்டிவிட்டு, "ரெண்டும் வேண்டாம்னா போத்தனூர்ப் பக்கம் பெண் குழந்தைகளுக்கு ஒரு இல்லம் இருக்கு. அதையும் சொல்லியாகணும், அதுக்காகச் சொல்றேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கருப்பண்ணனும் சிரித்தான். நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகச் சிரித்தது அந்த ஒரு தடவைதான். பங்காளிகளும் மாமனும் உயிரோடு இருக்கும்போது எந்தப் பிள்ளை அநாதைகளோடு போய் இருக்கும்?

பூவா ஜட்ஜிடம் ஒரு கேள்வி கேட்டாள்.

"அங்க மாமா, சித்தப்பன் எல்லாம் வருவாங்களா?"

"நீ வரச் சொன்னாத்தான் வர முடியும்."

நாச்சாத்தாள் அவளைப் பார்த்தாள். அவளும் அத்தையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஸ்டூலிலிருந்து இறங்கினாள்.

இல்லத்துக்குப் போவதாகச் சொன்னாள். அன்று மத்தியானமே போனாள்.